பால் காய்ச்சி இரண்டு மாதம்: புது வீட்டில் ஏன் அழுகை வருகிறது?

உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன், சகோதரி. கூடுவாஞ்சேரியில் 68 லட்சத்துக்குப் புது ஃபிளாட். அதில் 50 லட்சம் கடன், 20 வருஷத்துக்கு. ஆவணியில் பால் காய்ச்சிக் குடிவந்தீர்கள், இரண்டு மாதம் ஆகிறது. சொந்தக்காரர்கள் எல்லாரும் மெச்சுகிறார்கள். உங்களுக்கோ இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்து நெஞ்சு படபடக்கிறது. மேற்கு மாம்பலத்து வாடகை வீட்டை நினைத்தால் அழுகை வருகிறது. "அவசரப்பட்டு வாங்கிட்டோமா? இவ்வளவு இஎம்ஐயை 20 வருஷம் எங்களால் கட்ட முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படித்தால் கடனைப் பற்றிய கேள்வியாகத்தான் தெரிகிறது. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முன்பணத்துக்காக அப்பா போட்ட 12 பவுனை விற்றீர்கள். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் படம் இன்னும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இதை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே வட்டி விகிதத்துக்குத் திரும்பிவிட்டீர்கள். அதனால் நீங்கள் உண்மையில் கேட்டது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: எல்லாரும் சந்தோஷப்படும் காரியத்தில் எனக்கு மட்டும் ஏன் துக்கம், கோளாறு என்னிடமா, வீட்டிடமா?

நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசி 12 வருஷம் வீட்டுக்கடன் பிரிவில் இருந்தேன். விண்ணப்பத்தைப் படிப்பது, லீகல் ஒப்பீனியனையும் வேல்யூவேஷனையும் சரிபார்ப்பது, நேரில் போய்க் கட்டடத்தைப் பார்ப்பது, பணம் விடுவிப்பது எல்லாம் என் கை வழியாகப் போயிருக்கின்றன. மனநலம் நான் படித்ததில்லை. கட்டடப் பொறியியலும் தெரியாது. கணக்கு விஷயத்தில் உறுதியாகச் சொல்வேன். மனசு விஷயத்தில் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கண்டதையும் நானே அனுபவித்ததையும் மட்டும் சொல்வேன்.

முதலில் நான் கண்டது. கடன் கேட்டு வரும்போது மனிதர்களிடம் ஒரு வேகம் இருக்கும். வில்லங்கச் சான்றிதழ், தாய்ப்பத்திரம், சம்பளச் சீட்டு, ஆறு மாத ஸ்டேட்மென்ட் என்று என்ன கேட்டாலும் மறுநாளே கொண்டுவந்து வைப்பார்கள். அந்த இரண்டு மூன்று மாதம் அவர்களுக்குப் பயப்படவே நேரம் இருக்காது. பணம் விடுவித்து, பத்திரப்பதிவு முடிந்து, கிரகப்பிரவேசமும் ஆகிவிடும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் அதே ஆட்களில் பலர் திரும்ப வருவார்கள். சொல்லும் காரணம் சின்னதாக இருக்கும். தவணை தேதியை மாற்ற முடியுமா, வட்டிச் சான்றிதழ் எப்போது வரும் என்பார்கள். பதில் சொன்ன பிறகும் எழுந்து போக மாட்டார்கள். ஒருமுறை நடுவயதுக்காரர் ஒருவர் வந்து, "மேடம், என் ஒரிஜினல் பத்திரம் பத்திரமா இருக்கா, ஒரு தடவை கண்ணால பாத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டார். பத்திரம் இருப்பது வேறு இடத்தில், காட்ட வழியில்லை. அதைச் சொன்னதும் தலையாட்டினார். பிறகு கொஞ்ச நேரம் தன் பழைய வீட்டைப் பற்றிப் பேசினார். அங்கே வாசலில் ஒரு வேப்பமரம் இருந்ததாம். அப்படிப் பேசியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உங்களுக்கு வந்திருப்பது உங்களுக்கு மட்டும் வந்ததில்லை என்பதை மட்டும் தயங்காமல் சொல்வேன்.

இனி கணக்கு. இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டால் இரவு இரண்டு மணிக்கு மனசு தானாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. 50 லட்சம், 8.5 சதவீதம், 20 வருஷம் என்றால் மாதத் தவணை 43,391 ரூபாய். முதல் மாதத் தவணையில் 35,417 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 7,974 ரூபாய்தான். உங்கள் பயத்துக்கு ஒரு பெரிய காரணம் இது என்று நினைக்கிறேன். ஆப்பைத் திறந்து பாக்கியைப் பார்க்கும்போது, இவ்வளவு கட்டியும் அசையவே இல்லையே என்றிருக்கும். ஐந்து வருஷம் கட்டிய பிறகும் 44 லட்சத்துக்கு மேல் பாக்கி நிற்கும். அசல் பாதியாவதற்கே கிட்டத்தட்ட 14 வருஷம் ஆகும். வங்கி உங்களை ஏமாற்றுகிறது என்று அர்த்தமில்லை. தவணைக் கடனின் கட்டமைப்பே இதுதான். ஆரம்பத்தில் கடன் பெரிதாக இருப்பதால் வட்டியும் பெரிதாக இருக்கிறது. மாதாமாதம் பாக்கியைப் பார்ப்பதை நிறுத்துங்கள், வருஷத்துக்கு ஒருமுறை மார்ச் முடிந்ததும் பார்த்தால் போதும்.

இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 1,20,000 வருகிறது என்றீர்கள். அதில் தவணை 36 சதவீதம். நான் வேலை பார்த்த பிரிவில் இது நிம்மதியாகக் கையெழுத்துப் போடக்கூடிய கணக்கு. கைக்கு வருவதில் பாதியைத் தொடும்போதுதான் பேனா தயங்கும். "ஒருத்தர் வேலை போனா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கணவரின் 70,000 மட்டும் இருந்தால் தவணை 62 சதவீதமாகிவிடும். பள்ளிக் கட்டணம், அத்தையின் (உங்கள் மாமியாரின்) மருந்து, சாப்பாடு எல்லாம் மீதியில் நடக்க வேண்டும். நடக்காது. இதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதற்கு வழி இருக்கிறது. மீதியாகும் பணத்தை முதல் இரண்டு வருஷம் வேறெதற்கும் தொடாமல் சேர்த்து, ஆறு மாதத் தவணையை, அதாவது 2,60,000 ரூபாயை, வைப்பாகப் போட்டு வையுங்கள். மாடுலர் கிச்சனும் சோபாவும் காத்திருக்கட்டும். உங்கள் கணவர் பெயரிலும் உங்கள் பெயரிலும் கடன் தொகைக்கு ஈடான டேர்ம் இன்சூரன்ஸ் (ஒருவர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்த வைப்பு சேர்ந்த பிறகு, வருஷத்துக்கு ஒரு தவணைப் பணத்தைக் கூடுதலாகக் கட்டுங்கள். அப்படித் தொடர்ந்து கட்டினால் 20 வருஷக் கடன் கிட்டத்தட்ட மூன்று வருஷம் முன்கூட்டியே முடிந்துவிடும். தனிநபர் வாங்கும் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வட்டி ஒரு சதவீதம் ஏறினால் பல வங்கிகள் தவணையை அப்படியே விட்டுவிட்டுக் காலத்தை நீட்டிவிடும். உங்கள் கடனுக்கு ஆரம்பத்திலேயே அப்படி நடந்தால் 20 வருஷம் 25 வருஷத்தைத் தாண்டிப் போகும். அதற்குப் பதில் தவணையை ஏற்றிக்கொண்டால் மாதம் சுமார் 3,200 ரூபாய் கூடும், காலம் நீளாது. எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வங்கி கொடுத்தாக வேண்டும் என்பது 2023 ஆகஸ்டில் வந்த விதி. வட்டி மாறியதாகக் குறுஞ்செய்தி வந்தால் சும்மா இருக்காமல் எழுத்தில் கேளுங்கள். இறங்கும்போதும் அதே போலத்தான். தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஹால் சுவரில் முடி போல ஒரு விரிசல் இருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது என்றீர்கள். நான் பார்த்த புதுக் கட்டடங்களில் பூச்சிலும், செங்கல் சுவரும் பீமும் சேரும் இடத்திலும் முடிக்கோடு விழுவது சகஜம். தூணிலோ பீமிலோ குறுக்காக, விரல் நகம் நுழையும் அளவுக்கு இருந்தால் வேறு விஷயம். உங்கள் சுவரைப் பார்க்காமல் அது எந்த வகை என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன்படி, வீட்டை ஒப்படைத்ததிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை இருப்பதாகச் சொன்னால், பில்டர் 30 நாளைக்குள் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். மழை நேரம் இது. படம் எடுத்து, தேதி போட்டு, மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். இரவில் நினைத்து மறுகுவதைவிட அந்த மின்னஞ்சல் உங்களுக்கு அதிகம் உதவும்.

இவ்வளவு எழுதிவிட்டேன். ஆனால் இதெல்லாம் தெரிந்த பிறகும் உங்கள் அழுகை நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. காரணம், எனக்கே இதெல்லாம் தெரியும். 2001-ல் திருவல்லிக்கேணியில் ஒரு போர்ஷனிலிருந்து நங்கநல்லூரில் சொந்த ஃபிளாட்டுக்குப் போனோம். வங்கி ஊழியர் என்பதால் சலுகை வட்டி. தவணை சம்பளத்தில் பிடித்தம் ஆகும், அது பெரிய பாரமே இல்லை. ஆனால் முதல் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய இடத்தில் விடியற்காலை நாலு மணிக்கு அடிபம்பு சத்தம் கேட்கும், அதற்குள் பக்கத்துப் போர்ஷன் மாமி வாசல் தெளித்திருப்பார். அந்தச் சத்தத்தையெல்லாம் ஒன்பது வருஷமாகத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். புது வீட்டில் அது கேட்கவில்லை என்றதும் நெஞ்சை அடைத்தது. மூன்று மாதம் வரை ஆபீஸ் முடிந்ததும் காய்கறி வாங்கும் சாக்கில் திருவல்லிக்கேணிக்கே போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொந்த வீடு வாங்கிக் கொடுத்தும் இவளுக்குத் திருப்தி இல்லை என்று சொல்வார்களோ என்று பயம்.

1967-ல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். வாழ்க்கையில் நடக்கும் 43 நிகழ்வுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு மனிதன் தன்னைப் புதிதாகப் பழக்கிக்கொள்ள எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று மதிப்பெண் கொடுத்தார்கள். வாழ்க்கைத்துணை இறப்பது 100. திருமணம் 50. பெரிய கடன் வாங்குவது 31. வீடு மாறுவது 20. பெரிய சாதனை ஒன்றைச் செய்து முடிப்பதற்குக்கூட 28 கொடுத்திருந்தார்கள். என்னை நிறுத்தியது அதுதான். நல்லது நடந்தாலும் உடம்பும் மனசும் அதற்காக உழைக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர்கள் கணக்கில் சேர்த்திருந்தார்கள். அந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. 60 வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கர்களின் சராசரி அது. மாமியாரும் மகளும் கூட இருக்கும் ஒரு மாம்பலம் குடும்பத்துக்கு அந்த 20 எவ்வளவாகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கல்யாணத்தையும் சாதனையையும் கடனையும் இடமாற்றத்தையும் ஒரே பட்டியலில் வைத்த அந்த யோசனை சரியானது என்று நினைக்கிறேன். கடன், இடமாற்றம், சாதனை ஆகிய மூன்றும் உங்களுக்கு ஒரே ஆவணி மாதத்தில் வந்திருக்கின்றன.

இன்னொரு ஆய்வையும் சிலர் இந்த மாதிரிக் கேள்விகளுக்கு மேற்கோள் காட்டுவார்கள். பாஸ்டன் நகரில் வெஸ்ட் எண்ட் என்ற பகுதியை 1950-களின் கடைசியில் இடித்து, அங்கிருந்தவர்களை வெளியேற்றினார்கள். மார்க் ஃப்ரீட் என்ற உளவியலாளர் அவர்களிடம் பேசி, போன வீட்டுக்காக அவர்கள் படும் வேதனை, இறந்த உறவுக்காகப் படும் துக்கத்தைப் போலவே இருக்கிறது என்று 1963-ல் எழுதினார். அதை உங்களுக்கு நேராகப் பொருத்த எனக்குத் தயக்கம். அவர்களைத் துரத்தினார்கள், நீங்கள் விரும்பி வந்தீர்கள். சென்னையில் அதற்கு ஒப்பு வேண்டுமென்றால் ஆற்றங்கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் மாற்றப்பட்டவர்களைத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் வேதனை வேறு தரம். இதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வீட்டோடு மனிதனுக்கு இருக்கும் பிணைப்பு பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்து வருவதில்லை. மாம்பலத்து வீடு உங்களுடையதாக என்றுமே இருந்ததில்லை. ஹவுஸ் ஓனர் சுவரில் ஆணி அடிக்க விடவில்லை, தண்ணீர் மோட்டாரை அவர் நினைத்தபோதுதான் போடுவார், காலி செய்யும்போது பெயின்டுக்கு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். இதெல்லாம் நீங்களே எழுதியவை. ஆனாலும் உங்கள் மகள் நடக்கப் பழகியது அந்தத் தரையில்தானே.

உடம்புக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. இருட்டில் எழுந்தால் கை தானாகப் பழைய சுவரில் சுவிட்சைத் தேடும். உப்பு டப்பா எந்தத் தட்டில் என்று யோசிக்காமலே கை போகும். புது வீட்டில் இவை ஒவ்வொன்றுக்கும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க இப்படிச் சின்னச் சின்னதாக யோசித்துக் களைத்துப் போகிறோம். அந்தக் களைப்புக்குப் பெயர் தெரியாததால் வருத்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தப் பகுதி காலத்தால் சரியாகும். என் வீட்டில் கை பழக ஒரு தீபாவளி தாண்ட வேண்டியிருந்தது. சிலருக்கு ஒரு மாதம் போதும், சிலருக்கு ஒரு வருஷம். உங்களுக்கு எவ்வளவு என்று தேதி சொன்னால் அது ஜோசியம்.

உங்கள் மகள் "நம்ம வீட்டுக்கு எப்போம்மா போவோம்?" என்று கேட்டதாகவும், அதைக் கேட்டு நீங்கள் குளியலறைக்குள் போய் அழுததாகவும் எழுதியிருந்தீர்கள். எட்டு வயதுக் குழந்தை அது. "இதுதான் நம்ம வீடு" என்று திருத்தாதீர்கள். "அந்த வீட்டுல எது உனக்கு ரொம்பப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். சொல்லட்டும். ஒரு சனிக்கிழமை ரயிலில் கூட்டிப் போய்ப் பழைய தெருவைக் காட்டிவிட்டு வாருங்கள், கூடுவாஞ்சேரியிலிருந்து மாம்பலம் ஒரே ரயில்தான். அத்தையையும் அழைத்துப் போங்கள். அவர் ஒன்றும் சொல்வதில்லை என்கிறீர்கள். மாம்பலத்தில் அவருக்கு அயோத்யா மண்டபத்துப் பாராயணம் இருந்தது, வாசலில் பூக்காரி இருந்தாள், ரங்கநாதன் தெரு வரை தனியாகப் போய்வரும் தெம்பு இருந்தது. இங்கே கதவைத் திறந்தால் எதிரே மூடிய கதவு, லிஃப்ட்டுக்குப் பயம். உங்கள் வீட்டில் அதிகம் இழந்தவர் அவராகத்தான் இருப்பார் என்று எனக்குப் படுகிறது. 70 வயதில் புது மனிதர்களைத் தேடிக்கொள்வது லேசில்லை. பழைய டாக்டரை மாற்ற வேண்டாம். மாதம் ஒருமுறை அந்தச் சாக்கில் மாம்பலம் போய்வரட்டும்.

இப்போது அந்தப் 12 பவுன். நகையை விற்றது பணக் கணக்கில் தவறா என்றால், என் தொழில் அறிவுப்படி இல்லை. 18 லட்சம் முன்பணம், அதற்கு மேல் பதிவுச் செலவு. பதிவுச் செலவை வங்கி வீட்டு மதிப்பில் சேர்ப்பதில்லை, அது முழுக்கக் கையிலிருந்துதான் வர வேண்டும். உங்களைப் போன்ற நிலையில் பலர் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுவார்கள். பிறகு வீட்டுக்கடன் தவணையும் நகைக்கடன் வட்டியும் சேர்ந்து இழுக்கும்போது மீட்க முடியாமல் நகை ஏலத்துக்குப் போவதை என் மேஜையிலிருந்தே பார்த்திருக்கிறேன். விற்றது கௌரவமான முடிவு. விற்ற பிறகு தங்கம் ஏறிவிட்டது என்பதும் உண்மை, அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் தங்கம் விலை பார்க்கும் பழக்கம் வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். நீங்கள் பார்ப்பது விலையை என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தவர், சீட்டு கட்டி ஒவ்வொரு பவுனாகச் சேர்த்தவர், கடைசி வரை வாடகை வீட்டிலேயே இருந்தவர் என்று இரண்டே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அவர் போன பிறகு அவர் கையால் வந்தது என்று உங்களிடம் இருந்தது அந்த நகைதான். கிரகப்பிரவேசத்தன்று தாலிக்கொடி மட்டும் போட்டுக்கொண்டு ஹோமத்தில் உட்கார்ந்திருந்தபோது கழுத்து வெறுமையாக இருந்ததை யாரோ ஒரு சித்தி சொல்லிக் காட்டினார் என்கிறீர்கள். அன்றைக்கு அழ முடியவில்லை. புகை கண்ணைக் கரிக்கிறது என்று சமாளித்தீர்கள். இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டே இருந்தீர்கள், அம்மா. அப்பாவின் மருத்துவச் செலவு, காரியம், அதன்பின் வீடு தேடல், கடன், பதிவு. இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் முதல்முறையாகச் செய்ய வேண்டிய வேலை ஏதும் இல்லாத ஒரு இரவு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அப்பாவுக்கான துக்கம் அப்போது வந்து கதவைத் தட்டியிருக்கிறது என்பது என் ஊகம். ஊகம்தான், நேரில் பார்க்காத ஒருவரைப் பற்றி அதற்கு மேல் சொல்லக்கூடாது. ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு மணிக்கு விழிப்பு வரும்போது தவணைக் கணக்கை எடுக்காமல் அப்பாவை நினையுங்கள். அழுகை கூடி, படபடப்பு குறைந்தால் என் ஊகம் சரி. அப்படியானால் அந்தப் பயத்துக்குப் பதில் வங்கியில் கிடைக்காது.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். "வீடு பிடிக்கலையா?" என்று அவர் கேட்கும்போது நீங்கள் "அதெல்லாம் இல்லை" என்று முடித்துவிடுகிறீர்கள். நகையை விற்கச் சொன்னது தானே என்று அவருக்கும் ஒரு குற்றவுணர்வு இருக்கலாம். வீட்டுக்கடன் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, இந்த வருத்தமும் அப்படியே இருக்கட்டும்.

இதில் எனக்கு எல்லை இருக்கிறது என்று முன்பே சொன்னேன். தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனம் கனத்துக் கிடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, எதற்கு இருக்கிறோம் என்று ஒரு முறையாவது தோன்றுகிறது என்றால் என் பதிலோடு நின்றுவிடாதீர்கள். அது புது வீட்டுப் பழக்கம் என்று தள்ளிவிடக்கூடியது இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டியது. 14416 என்ற எண்ணில் டெலி மனாஸ் என்ற அரசு உதவி மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

கடைசியாக, அப்பா படத்தை எங்கே மாட்டுவது என்று கேட்டு, அந்தக் கேள்வியை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தீர்கள். தெற்குச் சுவரில்தான் மாட்ட வேண்டும் என்று ஒரு பக்கம், ஹாலில் மாட்டக்கூடாது என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறீர்கள். சாஸ்திரம் எனக்குத் தெரியாது, அத்தையைக் கேளுங்கள். அவர் சொல்லும் இடத்தில், நீங்கள் சமைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். இது உங்கள் சுவர், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆணியைச் சுத்தியலால் அடித்தால் பூச்சு பெயர்ந்துவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டிரில்லிங் மெஷினில் ஓட்டை போடச் சொல்லி, பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்கச் சொல்லுங்கள். தூணிலும் பீமிலும் வேண்டாம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் வேண்டாம், உள்ளே வயர் ஓடும். படத்தை மாட்டுவதற்கு முன் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இரண்டு மாதம் பெட்டியில் இருந்திருக்கிறது.